புது பம்பு மாற்றியும் டிராக்டர் பவர் ஸ்டீரிங்கில் சத்தமா? பம்பைக் கழற்றும் முன் ஆயிலைப் பாருங்கள்

சேற்றுழவு நடக்கும் நேரத்தில் டிராக்டரின் பவர் ஸ்டீரிங் பம்பு போய்விட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. அவசரமாக மெக்கானிக்கை அழைத்து, புது பம்பு வாங்கி மாட்டி, வண்டியை வயலில் இறக்குகிறோம். ஆனால் பல இடங்களில் அன்று மாலையே விவசாயியிடமிருந்து போன் வருகிறது. "சார், புது பம்புதான் போட்டோம். பழைய பம்பைவிட அதிகமாகக் கத்துகிறது. பம்பு போலியாக இருக்குமோ?" என்று கேட்கிறார்கள்.

சென்ற சம்பா பருவத்தில் டெல்டா பகுதி விவசாயி ஒருவர் இப்படித்தான் அழைத்தார். முதலில் வாங்கிய பம்பு கத்தியது. அது சரியில்லை என்று நினைத்து இரண்டாவதாக ஒன்று வாங்கி மாட்டினார். அதுவும் கத்தியது. இதற்குள் நான்கு நாட்கள் போய்விட்டன. வயலில் தண்ணீர் நிற்கிறது, நாற்றங்காலில் நாற்றின் வயது கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் பார்த்தபோது இரண்டு பம்புகளிலும் குறை இல்லை. டேங்கிலிருந்து பம்புக்கு ஆயில் போகும் பழைய ரப்பர் ஹோஸ் காய்ந்து, கிளிப் போட்ட இடத்தில் மெல்லிய வெடிப்பு விட்டிருந்தது. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றி, காற்றை எடுத்ததும் சத்தம் நின்றது.

புது பம்பு மாற்றிய பிறகு வரும் சத்தத்துக்குப் பெரும்பாலும் பம்பு காரணம் அல்ல. பம்புக்குள் காற்று போகிறது, அல்லது பம்புக்குத் தேவையான ஆயில் போகவில்லை. இந்த இரண்டையும் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் நம் வீட்டு வாசலிலேயே கண்டுபிடிக்க முடியும். அதற்கான முறையை வரிசையாகப் பார்ப்போம்.

பவர் ஸ்டீரிங் எப்படி வேலை செய்கிறது?

டிராக்டர் பவர் ஸ்டீரிங்கில் ஐந்து பாகங்கள் உள்ளன. ஆயில் டேங்க், பம்பு, ஸ்டீரிங் தண்டின் அடியில் இருக்கும் கட்டுப்பாட்டு வால்வு, முன் அச்சில் இருக்கும் சிலிண்டர், இவற்றை இணைக்கும் ஹோஸ்கள். கட்டுப்பாட்டு வால்வை மெக்கானிக்குகள் 'ஆர்பிட்ரால்' என்பார்கள்.

பம்புக்குள் ஒன்றோடொன்று பல் கோத்த இரண்டு சக்கரங்கள் சுற்றுகின்றன. இன்ஜின் ஓடும்வரை பம்பும் ஓடும். டேங்கிலிருந்து ஆயிலை எடுத்து, அழுத்தத்துடன் வால்வுக்கு அனுப்பும். நாம் ஸ்டீரிங்கைத் திருப்பினால் அந்த ஆயில் சிலிண்டரின் ஒரு பக்கத்துக்குப் போய் முன்சக்கரத்தைத் தள்ளும். திருப்பாதபோது ஆயில் சும்மா சுற்றி மீண்டும் டேங்குக்கே வந்துவிடும்.

இதில் விவசாயிகள் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, பம்புக்கு இரண்டு பக்கங்கள் உண்டு என்பது. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் பக்கம் உறிஞ்சும் பக்கம். பம்பிலிருந்து வால்வுக்குப் போகும் பக்கம் தள்ளும் பக்கம். தள்ளும் பக்கத்தில் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது 100 பாருக்கு மேல்கூட அழுத்தம் வரும். நம் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே சிறு ஓட்டை இருந்தாலும் ஆயில் வெளியே பீய்ச்சும், கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

உறிஞ்சும் பக்கம் அப்படி அல்ல. அங்கே ஓட்டை இருந்தால், இன்ஜின் ஓடும்போது ஆயில் வெளியே வராது. வெளியில் இருக்கும் காற்றுதான் உள்ளே போகும். கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் சொட்டாது. மோட்டார் காற்று வாங்கும், தண்ணீர் விட்டுவிட்டு வரும். அதே கதைதான் இங்கேயும். "எங்கேயும் ஆயில் ஒழுகவில்லையே" என்று சொல்லி இந்தப் பக்கத்தை விட்டுவிடுவதால்தான் நல்ல பம்புகளைக் கழற்றி எறிகிறோம்.

சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள்

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஐந்து நிமிடம் சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் வரும் நேரமே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

• ஸ்டீரிங்கைத் தொடாதபோதும் கரகரவென்ற முனகல், ஆயிலில் நுரை: காற்று கலந்திருக்கிறது.

• ஆயில் தெளிவாக இருக்கிறது, ஆனால் 'ஙொய்' என்ற கூர்மையான சத்தம், இன்ஜின் வேகம் கூடினால் அதுவும் கூடுகிறது: பம்புக்குப் போதிய ஆயில் வரவில்லை, உறிஞ்சும் பக்கத்தில் அடைப்பு இருக்கிறது.

• ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முட்டும்வரை திருப்பிப் பிடிக்கும்போது மட்டும் சத்தம்: ரிலீஃப் வால்வு திறக்கிறது. பெரும்பாலும் இது இயல்பானது.

• மார்கழி விடியற்காலையில் வண்டியை எடுத்ததும் ஓரிரு நிமிடம் சத்தம், பிறகு தானாக நின்றுவிடுகிறது: ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருப்பதால் வருவது. நிற்காமல் தொடர்ந்தால் அடைப்பு அல்லது தவறான ஆயில்.

• இரும்பும் இரும்பும் உரசும் கடகடச் சத்தம், ஸ்டீரிங் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் ஒரே மாதிரி: பம்பைப் பொருத்தியதில் தவறு.

சத்தம் பம்பிலிருந்துதான் வருகிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்பு ஆகியவற்றின் பேரிங் தேய்ந்தாலும் இதே போன்ற சத்தம் வரும். நீளமான மரக்குச்சியின் ஒரு முனையைப் பம்பின் மீது வைத்து, மறுமுனையைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். பிறகு மற்ற பாகங்களின் மீதும் வைத்துக் கேளுங்கள். எதில் சத்தம் பலமாகக் கேட்கிறதோ அதுதான் இடம். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வைத்துவிட்டு, வேட்டியை இறுக்கக் கட்டிக்கொண்டு, மின்விசிறியும் பெல்ட்டும் சுற்றும் பக்கம் கையோ குச்சியோ போகாதபடி இதைச் செய்ய வேண்டும்.

முதல் சோதனை: ஆயில்

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வைத்து, இன்ஜினை அணைத்து ஆயில் அளவைப் பாருங்கள். பவர் ஸ்டீரிங்குக்குத் தனி டேங்க் உள்ள வண்டியில் அந்த டேங்கைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் பின்பக்க கியர் பெட்டியின் ஆயிலே ஸ்டீரிங்குக்கும் போகும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்பு மாற்றும்போது ஹோஸ்களிலும் சிலிண்டரிலும் இருந்த ஆயிலில் ஒரு பகுதி கீழே போயிருக்கும். மாற்றி முடித்து டேங்கை நிரப்பியபோது அளவு சரியாகத் தெரியும். இன்ஜின் ஓடியதும் காலியாக இருந்த ஹோஸ்களுக்குள் ஆயில் போய், டேங்கில் அளவு இறங்கிவிடும். பலர் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. அளவு குறைந்தால் திரும்பி வரும் ஆயில் மேலிருந்து விழுந்து நுரைக்கும். அந்த நுரையைப் பம்பு மீண்டும் உறிஞ்சும். சத்தம் ஆரம்பித்துவிடும்.

அடுத்து ஆயிலின் நிறம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஆயில் எடுத்து அசையாமல் வையுங்கள். பால் போலக் கலங்கிய ஆயில் சிறிது நேரத்தில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்து வந்தால், அதில் இருந்தது காற்று. நெடுநேரம் வைத்தும் கலங்கலாகவே இருந்தாலோ, அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றாலோ, ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. சேற்றுழவுக்குப் பிறகு வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது டேங்க் மூடி வழியாகத் தண்ணீர் போவது உண்டு. தண்ணீர் கலந்த ஆயிலை வடிகட்டிப் பயன்படுத்தக் கூடாது. முழுவதும் இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும்.

பாட்டிலின் அடியில் மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் அது வேறு பிரச்சினை. அதைப் பின்னால் பார்ப்போம்.

காற்றை எடுக்கும் முறை

ஆயிலை அழுத்தினால் அது சுருங்காது; காற்று சுருங்கும். ஆயிலோடு கலந்த காற்றுக் குமிழிகள் பம்பின் பற்களுக்கு இடையே போய் அழுத்தத்தில் பட்டென்று நசுங்குகின்றன. ஒவ்வொரு குமிழியும் ஒரு சிறு சுத்தியல் அடி போல. ஆயிரக்கணக்கான அடிகள் சேர்ந்ததுதான் நாம் கேட்கும் கரகரப்பு. இது வெறும் சத்தம் மட்டும் அல்ல. பம்பின் உள்ளே மசகாக இருக்க வேண்டியதும் அதே ஆயில்தான். காற்று கலந்தபடியே சில நாட்கள் ஓட்டினால் புது பம்பும் உண்மையிலேயே கெட்டுவிடும்.

பம்பு மாற்றிய பிறகு காற்றை எடுக்காமல் வண்டியை நேராக வேலைக்குக் கொண்டுபோவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. முறை இதுதான்:

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

2. முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, அச்சின் அடியில் உறுதியான தாங்கி அல்லது கனமான மரக்கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் செய்யக் கூடாது.

3. டேங்கில் குறித்த அளவுவரை ஆயில் ஊற்றுங்கள். சிறிது நேரம் விட்டுவிடுங்கள். ஆயில் தானாக இறங்கி பம்புக்குள் நிறையும்.

4. இன்ஜினை அணைத்த நிலையிலேயே ஸ்டீரிங்கை இடது முட்டும்வரை, பிறகு வலது முட்டும்வரை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை திருப்புங்கள். சக்கரம் தரையில் படாததால் கையாலேயே திருப்ப முடியும். ஒருவர் திருப்பும்போது இன்னொருவர் டேங்கைப் பார்த்து, அளவு குறையக் குறைய ஆயில் ஊற்ற வேண்டும்.

5. குமிழி வருவது குறைந்ததும் இன்ஜினைப் போட்டு, மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்காதீர்கள். மீண்டும் இரு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். முட்டிய இடத்தில் ஸ்டீரிங்கைப் பிடித்து வைக்காதீர்கள்.

6. இன்ஜினை அணைத்து, நுரை அடங்கும்வரை விடுங்கள். அளவு பார்த்து நிரப்புங்கள். ஆயிலில் நுரை இல்லாமல் போகும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

நுரை அதிகமாக இருக்கும்போது அவசரப்பட்டு இன்ஜினை வேகமாக ஓட்டினால் பெரிய குமிழிகள் உடைந்து சிறு குமிழிகளாகி ஆயில் முழுவதும் கலந்துவிடும். பிறகு பிரிந்து வர வெகுநேரம் ஆகும். பொறுமையாகச் செய்தால் இந்த வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. சில வண்டிகளில் காற்றை எடுக்கத் தனித் திருகு இருக்கும். கையேட்டில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சத்தம் இதோடு நின்றுவிட்டால் வேலை முடிந்தது. நின்ற சத்தம் ஓரிரு நாளில் மறுபடி வந்தால், எங்கிருந்தோ காற்று தொடர்ந்து உள்ளே போகிறது என்று அர்த்தம்.

காற்று எங்கிருந்து வருகிறது?

டேங்கிலிருந்து பம்புவரை உள்ள ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். பம்பு மாற்றும்போது பழைய ஹோஸ், பழைய கிளிப், பழைய ஓ-ரிங் ஆகியவற்றையே திரும்பப் போடுவது வழக்கம். சூட்டிலும் ஆயிலிலும் பல வருடம் கிடந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஒரு முறை கழற்றி மாட்டினால் முன்பு இருந்த பிடிப்பு வராது. பம்பு மாற்றுவதற்கு முன் இல்லாத காற்றுக் கசிவு மாற்றிய பிறகு வருவதற்கு இதுவே காரணம்.

கண்டுபிடிக்க எளிய வழிகள் இரண்டு உண்டு.

முதலாவது, இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் எடுக்கும் முன் பாருங்கள். டேங்க் பம்பைவிட உயரத்தில் இருந்தால், ஓடும்போது காற்று போகும் அதே வெடிப்பு வழியாக நிற்கும்போது ஆயில் லேசாகக் கசியும். முந்தைய நாள் இணைப்புகளை நன்றாகத் துடைத்து வைத்திருந்தால் காலையில் ஈரம் தெரியும்.

இரண்டாவது, இன்ஜின் மெதுவாக ஓடும்போது உறிஞ்சும் பக்க இணைப்புகள் ஒவ்வொன்றின் மீதும் கிரீஸைத் தடவுங்கள். ஒரு இடத்தில் தடவியதும் சத்தம் குறைந்தாலோ மாறினாலோ கசிவு அங்கேதான். கிரீஸ் தற்காலிகமாக அடைக்கிறது, அவ்வளவுதான். அதையே வைத்தியமாக விட்டுவிடக் கூடாது. பெல்ட்டுக்கும் மின்விசிறிக்கும் அருகில் உள்ள இணைப்பானால் இன்ஜினை அணைத்துத் தடவிவிட்டு, பிறகு இயக்கிக் கேளுங்கள்.

கசிவு தெரிந்தால் ஹோஸையும் கிளிப்பையும் ஓ-ரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆயிலுக்கு ஏற்ற ஹோஸாக இருக்க வேண்டும். தண்ணீருக்குப் போடும் ரப்பர் ஹோஸோ பிளாஸ்டிக் குழாயோ போட்டால் ஆயில் சூட்டில் மென்மையாகி, உறிஞ்சும்போது உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். கம்பி சுற்றிக் கட்டுவதும் கூடாது. சுற்றிலும் ஒரே மாதிரி இறுகாது.

பம்பின் அச்சில் உள்ள ஆயில் சீல் வழியாகவும் காற்று போகலாம். பம்பைப் பொருத்தும்போது சுத்தியலால் தட்டியிருந்தால் சீலின் உதடு மடங்கியிருக்கும். மற்ற இணைப்புகள் எல்லாம் சரி என்று உறுதியான பிறகே இதைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆயில் தெளிவு, ஆனாலும் சத்தம்: அடைப்பைத் தேடுங்கள்

நுரை இல்லை, அளவும் சரி, ஆனால் கூர்மையான சத்தம் நிற்கவில்லை என்றால் பம்பு மூச்சு முட்டுகிறது என்று பொருள். பம்பு ஆயிலை இழுக்கிறது, போதுமான ஆயில் வரவில்லை. உள்ளே அழுத்தம் மிகவும் குறைந்து ஆயிலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகி, அடுத்த நொடி நசுங்குகின்றன. நாளடைவில் இது பம்பின் உலோகத்தையே பொத்தல் பொத்தலாக அரித்துவிடும். பார்க்க வேண்டிய இடங்கள்:

• டேங்குக்குள் உள்ள சல்லடை அல்லது ஃபில்டர். பம்பு மாற்றும்போது இதைத் தொடாமலே விட்டிருப்பார்கள். பழைய பம்பு கெட்டதற்கே இந்த அடைப்பு காரணமாக இருந்திருக்கலாம். அப்படியானால் புது பம்புக்கும் அதே கதிதான்.

• உறிஞ்சும் ஹோஸ். வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் உள் ரப்பர் பிரிந்து தொங்கும். ஆயில் போகும்போது அது வால்வு போல அடைக்கும். ஹோஸைக் கழற்றி, வெளிச்சத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாருங்கள். மாட்டும்போது ஹோஸ் மடிந்தோ முறுக்கியோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

• டேங்க் மூடியின் மூச்சுத்துளை. ஆயில் இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே வர மூடியில் சிறு துளை இருக்கும். சேறும் தூசியும் அடைத்தால் டேங்குக்குள் காற்று வராமல் ஆயில் ஓட்டம் குறையும். மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் சத்தம் குறைகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

• ஆயிலின் வகை. வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று கியர் பெட்டிக்கான கெட்டி ஆயிலைப் பவர் ஸ்டீரிங் டேங்கில் ஊற்றுவது நம் பகுதியில் உண்டு. குறுகிய ஹோஸ் வழியாகக் கெட்டி ஆயிலைப் பம்பால் இழுக்க முடியாது. கையேட்டில் சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். இரண்டு வகையைக் கலந்து ஊற்றினாலும் நுரை வரலாம்.

ஸ்டீரிங் முட்டும்போது மட்டும் சத்தம் வந்தால்

சக்கரம் இதற்கு மேல் திரும்பாது என்ற நிலையில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஆயிலுக்குப் போக வழியில்லை. அழுத்தம் கூடி, ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலை வெளியே விடும். அப்போது 'ஸ்ஸ்' என்ற சத்தம் கேட்கும். ஸ்டீரிங்கைச் சற்றுத் திருப்பிவிட்டதும் நின்றுவிட்டால் அது குறை அல்ல. ஆனால் அந்த நிலையிலேயே பிடித்து வைத்தால் ஆயில் வேகமாகச் சூடாகும். வரப்போரம் திரும்பும்போது முட்டியதும் ஸ்டீரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பழகுங்கள். சேற்றில் முன்சக்கரம் புதைந்து வண்டி நிற்கும்போது ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டக் கூடாது. வண்டியைச் சற்று நகர்த்திக்கொண்டே திருப்ப வேண்டும்.

லேசாகத் திருப்பினாலே இந்தச் சத்தம் வந்து, ஸ்டீரிங்கும் கனமாக இருந்தால் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். ரிலீஃப் வால்வின் திருகை நாமே முறுக்கிப் பார்ப்பது ஆபத்து. அழுத்தம் அளவுக்கு மேல் போனால் ஹோஸ் வெடிக்கும். அழுத்தமானி வைத்திருக்கும் மெக்கானிக்தான் அதைத் தொட வேண்டும்.

பொருத்தியதில் தவறு

பம்பு புதிது, ஆயிலும் சரி, ஆனால் இரும்புச் சத்தம் கேட்கிறது என்றால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

• பம்பின் போல்ட்டுகள் எல்லாம் சமமாக இறுகியிருக்கின்றனவா? ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் பம்பு சாய்ந்து உட்காரும்.

• கியரில் ஓடும் பம்பானால், அடியில் இருந்த பேக்கிங் அதே தடிமனில் போடப்பட்டதா? தடிமன் மாறினால் பம்பு உட்காரும் நிலை மாறும். இணைப்புத் துண்டு தேய்ந்திருந்தாலும் கடகடக்கும்.

• பெல்ட்டில் ஓடும் பம்பானால், பெல்ட் தளர்ந்தால் திருப்பும்போது கீச்சிடும். அதிகமாக இறுக்கினால் பம்பின் பேரிங் சீக்கிரம் போகும்.

• பம்பின் எண்ணும் சுற்றும் திசையும் பழையதோடு ஒத்திருக்கிறதா? பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சில பம்புகள் இடப்பக்கம் சுற்றுபவை, சில வலப்பக்கம் சுற்றுபவை. திசை மாறிய பம்பு ஆயிலைத் தள்ளாது. அச்சு சீலையும் பிதுக்கிவிடும். அளவில் பெரிய பம்பைப் போட்டால் தேவைக்கு மேல் ஆயில் ஓடி, சத்தமும் சூடும் கூடும்.

கடைக்குப் போகும்போது பழைய பம்பைக் கையோடு கொண்டுபோய், எண் பார்த்து வாங்குவது நல்லது.

பழைய பம்பு விட்டுச்சென்ற இரும்புத் தூள்

பழைய பம்பு தேய்ந்து கெட்டிருந்தால் அதன் தூள் டேங்கிலும் ஹோஸிலும் வால்விலும் சிலிண்டரிலும் தங்கியிருக்கும். அதையெல்லாம் கழுவாமல் புது பம்பை மாட்டினால் முதல் நாளே அந்தத் தூள் புது பம்புக்குள் போகும். பம்பின் பற்களுக்கும் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமுடியைவிடக் குறைவு. அதில் தூள் சிக்கினால் கோடு விழும், அழுத்தம் குறையும், சத்தம் வரும். அப்போது புது பம்பும் உண்மையாகவே கெட்டுவிட்டது, ஆனால் குற்றம் பம்பு செய்தவர்களுடையது அல்ல.

எனவே பம்பு மாற்றும் அன்றே டேங்கைக் கழற்றிக் கழுவி, ஃபில்டரை மாற்றுங்கள். திரும்பி வரும் ஹோஸை டேங்கிலிருந்து கழற்றி, டேங்க் பக்கத் துளையை அடைத்துவிட்டு, ஹோஸின் முனையை ஒரு வாளியில் விடுங்கள். இன்ஜினை அணைத்தபடி ஸ்டீரிங்கை இரு பக்கமும் திருப்பினால் பழைய ஆயில் வாளிக்கு வரும். டேங்கில் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே, தெளிந்த ஆயில் வரும்வரை திருப்புங்கள். பஞ்சுக் கழிவால் டேங்கைத் துடைக்காதீர்கள். நூல் பிரிந்து சல்லடையை அடைக்கும். புது பம்பை மாட்டும் முன் அதன் வாயில் கொஞ்சம் சுத்தமான ஆயில் விட்டு, கையால் சில சுற்று சுற்றுங்கள். உலர்ந்த நிலையில் ஓடும் முதல் சில நொடிகளிலேயே பம்புக்குக் காயம் ஏற்பட்டுவிடும்.

பம்புதான் குறை என்று எப்போது சொல்லலாம்?

ஆயில் சரி, நுரை இல்லை, உறிஞ்சும் பக்கத்தில் கசிவும் அடைப்பும் இல்லை, பொருத்தியதும் சரி, பம்பின் எண்ணும் சரி. இத்தனைக்குப் பிறகும் மரக்குச்சி வைத்துக் கேட்டால் சத்தம் பம்பிலிருந்தே வருகிறது, ஸ்டீரிங்கும் கனமாக இருக்கிறது என்றால் பம்பைச் சந்தேகிக்கலாம். மெக்கானிக்கிடம் அழுத்தமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உத்தரவாதத்தில் பம்பை மாற்றிக் கேட்பதாக இருந்தால் ரசீதையும் பம்பு வந்த பெட்டியையும் பத்திரமாக வையுங்கள். பம்பைப் பிரித்துப் பார்க்காதீர்கள். சத்தத்தையும், நுரை இல்லாத ஆயிலையும் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். "ஆயிலில் காற்று இருந்திருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் காட்ட அது உதவும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்காதீர்கள்

இன்ஜின் ஓடும்போது தள்ளும் பக்க ஹோஸைக் கையால் தடவிக் கசிவைத் தேடக் கூடாது. ஊசித்துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். தப்பித் தவறி ஆயில் தோலுக்குள் போய்விட்டால், வெளியில் கொசுக்கடி போலத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்தமான ஆயில் பாய்ந்தது என்று சொல்லிவிடுங்கள். வலி இல்லை என்று காத்திருந்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

சத்தத்தோடு ஸ்டீரிங் விட்டுவிட்டுப் பிடித்தாலோ, திடீரென்று கனத்தாலோ அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். பெரும்பாலான டிராக்டர்களில் பம்பு நின்றாலும் கைபலத்தால் ஸ்டீரிங்கைத் திருப்ப முடியும். ஆனால் கரும்போ நெல் மூட்டையோ ஏற்றிய டிரெய்லரோடு வாய்க்கால் பாலத்தில் திரும்பும்போது அந்த பலம் போதாது. வேலை நின்றுவிடும் என்ற கவலை இருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகை செயலி மூலமாகவோ, அக்கம்பக்கத்திலோ ஒரு டிராக்டரை வாடகைக்கு எடுத்து உழவை முடித்துக்கொள்ளலாம்.

சுருக்கமாக

சத்தம் வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: ஆயில் அளவு, நுரை, காற்று எடுத்தல், உறிஞ்சும் ஹோஸும் கிளிப்பும், சல்லடையும் மூடித் துளையும், ஆயில் வகை, பொருத்திய விதம். பம்பு கடைசியில்தான் வர வேண்டும். முதல் ஆறும் சில நூறு ரூபாய்க்குள்ளோ செலவே இல்லாமலோ முடியக்கூடியவை. பம்போ பல ஆயிரம் ரூபாய். அடுத்த முறை பம்பு மாற்றும்போது மெக்கானிக்கிடம் புது ஹோஸ், புது கிளிப், புது ஓ-ரிங், புது ஃபில்டர், கையேட்டில் சொன்ன ஆயில் ஆகியவற்றையும் சேர்த்தே பட்டியல் போடச் சொல்லுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கிக் காற்றை எடுத்துவிட்டுத்தான் வண்டியை வயலில் இறக்க வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.